ஸ்கேன் நார்மல்தான்... அப்புறம் ஏன் விளையாடக் கூடாது? - தலையில் அடிபட்டால் தெரிந்திருக்க வேண்டிய `கன்கஷன்' விஷயங்கள்

2019, ஆகஸ்ட் 17. லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்களில் இருக்கிறார். ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் மணிக்கு 148 கி.மீ வேகத்தில் எகிறி, ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தில் இறங்குகிறது. ஸ்மித் அப்படியே தரையில் சாய, மைதானமே அமைதியாகிவிட்டது. 2014-ல் இதேபோல் கழுத்தில் பந்து பட்டு, இரண்டே நாளில் இறந்துபோன ஃபில் ஹியூஸின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

அணியின் மருத்துவர் ஸ்மித்தை உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். கேள்விகள், ஞாபகசக்தி, பேலன்ஸ் எல்லாவற்றிலும் ஸ்மித் பாஸ். முக்கால் மணி நேரத்தில் மறுபடி பேட்டோடு வந்தார். பவுண்டரிகளும் அடித்தார். ஆனால் 92-ல், நேராக ஸ்டம்புக்கு வந்த கிறிஸ் வோக்ஸின் பந்தை ஆடாமலே விட்டு எல்.பி.டபிள்யூ ஆனார். ஸ்மித் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் அப்படியெல்லாம் அவுட் ஆகிற ஆளில்லை.

மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, ஒரு மாதிரி மந்தம். மறுபடி டெஸ்ட் வைத்தார்கள். முந்தைய நாளைவிட மார்க் குறைந்திருந்தது. `கன்கஷன்' என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த டெஸ்ட்டும் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் சப்ஸ்டிட்யூட். ஐ.சி.சி-யின் அந்த விதி அமலுக்கு வந்தே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

முதல் நாள் பாஸானவர் மறுநாள் எப்படி ஃபெயிலானார்? டாக்டர் சரியாகப் பார்க்கவில்லையா? அப்படியில்லை. இந்தக் காயத்தின் குணமே அதுதான். சிலருக்கு அடிபட்ட நிமிஷமே தெரியும், சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒருநாள், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வரும். கன்கஷனைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

தயிர் டப்பா தத்துவம்

கன்கஷனுக்குத் தமிழில் மூளையதிர்ச்சி என்று பெயர். பொருத்தமான பெயர்தான். மூளை நாம் நினைப்பதுபோல் கெட்டியான பொருள் கிடையாது. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும், சுமார் 1,400 கிராம் எடையுள்ள மென்மையான திசு. டிபன் பாக்ஸில் கட்டித்தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறீர்கள். டிரைவர் சடாரென்று பிரேக் போடுகிறார். டப்பாவுக்கு ஒரு கீறல்கூட விழாது. திறந்து பார்த்தால் தயிர் உடைந்து நீர் விட்டிருக்கும். டப்பாவைப் படம் எடுத்துப் பார்த்து, `எல்லாம் ஓகே' என்று சொன்னால் எப்படி?

ஆகவே, அடி தலையிலேயே பட வேண்டும் என்பதும் இல்லை. கழுத்திலோ உடம்பிலோ இடித்து, அந்த வேகத்தில் தலை வெடுக்கென்று திரும்பினாலும் போதும். குறிப்பாக, தலை சுழலும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. அப்போது செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. இதைப் பழையபடி சரிசெய்ய மூளைக்கு ஏராளமான எனர்ஜி தேவை. ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து மூளைக்கான ரத்த ஓட்டம் குறைகிறது. தேவை அதிகம், சப்ளை கம்மி. அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்டோஃபர் கிஸா, டேவிட் ஹவ்டா இருவரும் 2001-ல் இதை விரிவாக எழுதினார்கள். அந்தப் பற்றாக்குறை தீர நாள்கள் ஆகலாம். அதற்குள் இன்னோர் அடி விழுந்தால் தாங்கும் நிலையில் மூளை இருக்காது.

`மயக்கம் போட்டாத்தானே சீரியஸ்?' என்று கேட்பார்கள். விளையாட்டில் ஏற்படும் கன்கஷன்களில் பத்தில் ஒன்றில்கூட மயக்கம் வருவதில்லை. மற்றவர்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். பேசுவார்கள், சிரிப்பார்கள். கேட்டால், `தலை பாரமா இருக்கு', `லைட்டு கண்ணைக் குத்துது', `நீ பேசுறது எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு', `குமட்டுது' என்பார்கள். சிலர் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். காரணமே இல்லாமல் அழுகிற, எரிந்துவிழுகிற ஆள்களும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் `அடிபட்ட டென்ஷன்ல இருக்கான்' என்று விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான்.

ஸ்கேன் எதற்கு?

நம் ஊரில் தலையில் அடி என்றாலே முதல் கேள்வி, `ஸ்கேன் எடுத்தாச்சா?' நார்மல் என்று வந்துவிட்டால், எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளே ஆபீஸ், டியூஷன், டர்ஃபில் மேட்ச்.

சி.டி ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்றால் நிஜமாகவே பெரிய நிம்மதிதான். ஆனால் மேலே சொன்ன பொட்டாசியம், கால்சியம் குளறுபடி எந்த சி.டி-யிலும் தெரியாது, சாதாரண எம்.ஆர்.ஐ-யிலும் தெரியாது. கன்கஷனில் ஸ்கேன் நார்மலாக இருப்பதுதான் வழக்கம். `ஸ்கேன் நார்மல்' என்றால் `உயிருக்கு உடனடி ஆபத்து தெரியவில்லை' என்று அர்த்தம். `காயமே இல்லை' என்று அர்த்தம் கிடையாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் அதுவும் யாருக்கு சி.டி தேவை என்று முடிவுசெய்யத்தான் உதவுகிறது.

அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் மேட்ச். இந்திய வீரர் ராமன் லம்பா ஹெல்மெட் போடாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பேட்ஸ்மேன் அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்து, விக்கெட் கீப்பர் கையில் கேட்ச் ஆனது. அவ்வளவு வேகம். லம்பா எழுந்து நடந்தே டிரஸ்ஸிங் ரூமுக்குப் போனார். பிறகுதான் நினைவிழந்தார். சில நாள்களில் இறந்துபோனார். மூளையில் ரத்தம் கசியும்போது இப்படி நடுவில் கொஞ்ச நேரம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஏமாற்றுகிற நேரம் அது.

எனவே, இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்: நினைவிழப்பு, வலிப்பு, வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் தலைவலி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, குழப்பமோ தூக்கக்கலக்கமோ அதிகமாவது, திடீர் ஆவேசம், மூக்கு அல்லது காதிலிருந்து ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிவது. கழுத்து வலிக்கிறது என்று சொன்னால், ஆளைத் தூக்கி உட்காரவைக்க வேண்டாம். தண்டுவடத்திலும் அடி இருக்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால், சின்ன அடியாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

`இது ஃபைனல்தானா சார்?'

படத்தில் தெரியாத காயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுத்தான், பார்த்துத்தான்.

2014 உலகக்கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. பிரேசிலின் மரக்கானா மைதானம். ஜெர்மனியின் இளம் வீரர் கிறிஸ்டோஃப் கிராமரின் முகத்தில் அர்ஜென்டினா வீரரின் தோள் பலமாக மோதியது. கிராமர் எழுந்து, தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரத்தில் நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் வந்து, `இது ஃபைனல் மேட்ச்தானா?' என்று கேட்டார். முதலில் ஜோக் என்று நினைத்த ரிசோலி, அவர் சீரியஸாகவே கேட்கிறார் என்று புரிந்ததும் ஜெர்மனி வீரர்களிடம் சொன்னார். 31-வது நிமிடத்தில் கிராமரை வெளியே எடுத்தார்கள். உலகக்கோப்பை ஃபைனலில் ஆடிய நினைவில் பெரும்பகுதி அவருக்கு இல்லை. இத்தனை கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்த மேட்ச்சில், மோதலுக்குப் பிறகு சுமார் கால் மணி நேரம் அவர் ஓடிக்கொண்டிருந்தார் என்பதுதான் பயமே.

ஆஸ்திரேலியாவில் டேவிட் மேடக்ஸ் என்பவர் 1990-களில் உருவாக்கிய கேள்விகள் இன்றும் மைதானங்களில் பயன்படுகின்றன. எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக யார் ஸ்கோர் பண்ணினார்கள்? போன மேட்ச்சில் யாரோடு ஆடினீர்கள், ஜெயித்தீர்களா? பெயர், பிறந்த தேதியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அதெல்லாம் எவ்வளவு அடிபட்டாலும் பெரும்பாலும் மறக்காது. புதிதாகப் பதிந்த நினைவுதான் முதலில் கலையும்.

இதற்கு அடுத்தகட்டம்தான் `ஸ்கேட்' எனப்படும் மதிப்பீடு. விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்கள் 2001-ல் வியன்னாவில் முதன்முதலாகக் கூடினார்கள். அந்த வரிசையில் ஆறாவது கூட்டம் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. அதையொட்டி 2023-ல் வந்ததுதான் இப்போதைய ஆறாவது பதிப்பு. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று, 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று. மருத்துவத் துறையில் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பத்து, பதினைந்து நிமிடங்களாவது பிடிக்கும்.

அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலில் 22 அறிகுறிகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நீங்களே பூஜ்யம் முதல் 6 வரை மார்க் போட வேண்டும். தலைவலி, கழுத்துவலி, `பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் இருக்கிறது', `ஏதோ சரியில்லை' என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அடுத்து மாதம், தேதி, கிழமை, வருஷம், மணி என்ன என்ற கேள்விகள். பிறகு 10 வார்த்தைகளை வாசித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதே பட்டியல், மூன்று முறை. பின்பு சில எண்களைச் சொல்லித் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். 5-2-9 என்றால் 9-2-5. டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும், 30 விநாடிக்குள்.

பிறகு பேலன்ஸ். இடுப்பில் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு 20 விநாடி நிற்க வேண்டும். இரண்டு கால்களையும் சேர்த்து, ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து, ஒற்றைக் காலில் என்று மூன்று விதமாக. கை இடுப்பைவிட்டு எழுந்தாலோ, கண் திறந்தாலோ, கால் தடுமாறினாலோ அதெல்லாம் தப்புக் கணக்கில் சேரும். மூன்று மீட்டர் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து திரும்புவதும் உண்டு. எல்லாம் முடிந்து, குறைந்தது ஐந்து நிமிடம் ஆன பிறகு, `அப்போ சொன்ன 10 வார்த்தை என்னென்ன?' என்று திடீரென்று கேட்பார்கள்.

இப்போதே செய்து பாருங்கள். எந்த அடியும் படாத, நல்லா இருக்கிற உங்களுக்கே ஒற்றைக் காலில் தடுமாறும், இரண்டு மூன்று வார்த்தை மறந்துபோகும். அதனால்தான் தொழில்முறை அணிகளில் சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீரருக்கும் இந்த டெஸ்ட்டை வைத்து, மார்க்கைக் குறித்துவைத்துக்கொள்கிறார்கள். அடிபட்ட பிறகு ஒப்பிடுவது அவருடைய பழைய மார்க்கோடுதான். அதிலும் கில்லாடிகள் இருக்கிறார்கள். சீசன் தொடக்கத்தில் வேண்டுமென்றே சொதப்பி மார்க்கைக் குறைத்துவைத்துக்கொண்டால், பின்னால் அடிபட்டாலும் தப்பிக்கலாம் என்று!

ஸ்கேட் படிவத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. எல்லாம் நார்மலாக வந்தாலும் கன்கஷன் இருக்கலாம். ஸ்மித்தின் கதை அதுதானே? ரக்பியில் இதற்கென்றே மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள். அடிபட்டவுடன் ஒன்று, மேட்ச் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் ஒன்று, 36 முதல் 48 மணி நேரத்தில் இன்னொன்று. அந்த மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் ஊர் கபடி, கிரிக்கெட் மைதானங்களில் முதலாவதுக்கே ஆள் கிடையாது என்பது வேறு விஷயம். டாக்டர் இல்லாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. சந்தேகம் வந்தாலே, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

சஹால் வந்ததும் வந்தது பஞ்சாயத்து

2020 டிசம்பர் 4, கான்பெராவில் நடந்த டி20. நம்ம சேலத்து நடராஜன் சர்வதேச டி20-யில் அறிமுகமான அதே மேட்ச். கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. தொடர்ந்து ஆடி 44 ரன்களோடு நாட்-அவுட்டாக வந்தவர், ஃபீல்டிங்குக்கு இறங்கவில்லை. மாற்றாக வந்த யுஸ்வேந்திர சஹால் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் விருதையும் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்திரேலியக் கோச் ஜஸ்டின் லாங்கர் மேட்ச் ரெஃப்ரியிடம் காட்டமாகப் பேசியதை டி.வி-யில் எல்லோரும் பார்த்தோம். 2025 ஜனவரியில் புனேவில் ஷிவம் துபேவுக்குப் பதில் ஹர்ஷித் ராணா இறங்கியபோதும் இதே பஞ்சாயத்து. பேட்டிங் ஆல்ரவுண்டருக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளரா என்று.

யாருக்குப் பதில் யார் என்ற வாதம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால், `ஹெல்மெட்ல பட்டும் ஆடினாரே, அப்புறம் என்ன கன்கஷன்?' என்ற வாதம் மட்டும் எடுபடாது. அடிபட்டதும் ஆடினார் என்பது எதற்குமே ஆதாரம் கிடையாது. கிராமரும்தான் ஆடினார்.

2002-ல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து லாராவின் விக்கெட்டை எடுத்தாரே அனில் கும்ப்ளே... அந்தப் படத்தைப் பார்த்துப் புல்லரிக்காத ரசிகர் இருக்க முடியாது. ஆனால் `வலியைத் தாங்கி ஆடுறவன்தான் வீரன்' என்கிற அந்தக் கணக்கைத் தாடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூளைக்கு அடிபட்டிருக்கும்போது, `நான் ஓகே' என்று சொல்கிறதே, அதுவும் அதே அடிபட்ட மூளைதான்.

ஆறு நாளில் மூன்று அடி

கனடாவின் ஒட்டாவா நகரில் பள்ளி ரக்பி அணியின் கேப்டன், 17 வயது ரோவன் ஸ்டிரிங்கர். 2013 மே மாதத்தில் ஆறே நாள்களில் அவருக்கு மூன்று முறை தலையில் அடிபட்டது. முதல் இரண்டு அடிகளுக்குப் பிறகு தலைவலி இருந்தது. இது கன்கஷனாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம். இணையத்தில் தேடிப் படித்திருக்கிறார். தோழியிடம் மெசேஜில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் அம்மா அப்பாவிடமோ கோச்சிடமோ சொல்லவில்லை. மூன்றாவது மேட்ச்சில் விழுந்தவர் எழவில்லை. நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார்.

முதல் அடியிலிருந்து மூளை மீள்வதற்குள் அடுத்தது விழுந்தால், மூளை திடீரென்று கட்டுப்பாடில்லாமல் வீங்கிவிடக்கூடும். இரண்டாம் தாக்க நிலை என்கிறார்கள். மிக அரிது. ஆனால் வருவது பெரும்பாலும் டீன் ஏஜிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்களுக்கு. ரோவன் மரணத்தை விசாரித்த குழு 49 பரிந்துரைகள் கொடுத்தது. 2018-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் `ரோவன் சட்டம்' வந்தது. கன்கஷன் சந்தேகம் இருந்தால் அந்த நிமிஷமே வெளியே, மருத்துவர் அனுமதியில்லாமல் திரும்ப வர முடியாது.

போனில் தேடிப் படிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. இந்தக் கட்டுரையையும் அப்படித் தேடித்தான் யாராவது படித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள்தான் அவர் என்றால், வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இருட்டறை வைத்தியம் பழசு

கன்கஷனுக்கு மாத்திரை கிடையாது. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரியானவை ரத்தக்கசிவை அதிகமாக்கலாம் என்பதால், டாக்டரைக் கேட்காமல் முதல் நாளில் எடுக்க வேண்டாம். மற்றபடி, ரெஸ்ட். ஆனால் எவ்வளவு ரெஸ்ட் என்பதில்தான் கடந்த பத்து வருஷங்களில் மருத்துவம் தலைகீழாக மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் திரைச்சீலையை மூடி, இருட்டறையில், டி.வி இல்லாமல், படிக்காமல், யாரோடும் பேசாமல், எல்லா அறிகுறியும் போகும்வரை படுத்திருக்கச் சொல்வார்கள். 2015-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 11 முதல் 22 வயதுவரை உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்களைவிட, ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு மெள்ள நடமாட ஆரம்பித்தவர்களே குறைவான அறிகுறிகளோடு சீக்கிரம் தேறினார்கள். யோசித்தால் ஆச்சர்யமில்லை. நல்லா இருக்கிற ஆளையே ஐந்து நாள் இருட்டில் போட்டால் தலை வலிக்கத்தானே செய்யும்?

இப்போதைய பரிந்துரை: முதல் 24 முதல் 48 மணி நேரம் மிதமான ஓய்வு. குளிக்கலாம், சாப்பிடலாம், வீட்டுக்குள்ளும் தெருவிலும் மெதுவாக நடக்கலாம். பைக், கார் ஓட்டக் கூடாது. மது கூடவே கூடாது.

போன்? அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், கன்கஷனோடு மருத்துவமனைக்கு வந்த 12 முதல் 25 வயதுக்காரர்கள் 125 பேரில் ஒரு பிரிவை 48 மணி நேரம் ஸ்கிரீன் பக்கமே போக வேண்டாம் என்றார்கள். இன்னொரு பிரிவுக்குத் தடை இல்லை. ஸ்கிரீனைத் தவிர்த்தவர்கள் தேற எடுத்துக்கொண்டது சராசரியாக மூன்றரை நாள். மற்றவர்களுக்கு 8 நாள். இரண்டு நாள் ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால் நான்கரை நாள் மிச்சம். லாபமான டீல்தான். இரண்டு நாளுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கலாம்.

48 மணி நேரம் முடிந்ததும் ஏணிப்படி மாதிரி ஆறு படிகள். முதல் படி, அறிகுறிகளைத் தூண்டாத அன்றாட வேலைகள். இரண்டாவது, நடை, சைக்கிள் மிதிப்பது போன்ற மிதமான உடற்பயிற்சி. உங்கள் வயதுக்கான அதிகபட்ச இதயத்துடிப்பில் முதலில் 55 சதவிகிதம் வரை, பிறகு 70 சதவிகிதம் வரை. 20 வயதுக்காரருக்கு அதிகபட்சம் 200 என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 110, பிறகு 140. மூன்றாவது, அவரவர் விளையாட்டுக்கான தனிப் பயிற்சி. கிரிக்கெட் என்றால் ஓட்டம், நிழல் பேட்டிங். தலைக்கு அபாயமுள்ள எதுவும் இதுவரை கிடையாது. நான்காவது, மோதல் இல்லாத கடினப் பயிற்சி. ஐந்து, முழுப் பயிற்சி. ஆறாவதுதான் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காவது படிக்குப் போகும்முன் அறிகுறிகள் முழுக்க மறைந்திருக்க வேண்டும், மருத்துவரும் ஓகே சொல்லியிருக்க வேண்டும்.

நடுவில் தலைவலி எட்டிப்பார்த்தால்? பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. அதற்கு மேல் என்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் முயற்சி செய்யலாம்.

இந்த இரண்டாவது படியை வைத்தியமாகவே மாற்றியவர்கள் நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தினர். நோயாளியை டிரெட்மில்லில் நடக்கவைத்து, நிமிடத்துக்கு நிமிடம் சரிவைக் கூட்டுவார்கள். எந்த இதயத்துடிப்பில் தலைவலியோ கிறுகிறுப்போ தொடங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அதில் 80 சதவிகித அளவில் தினமும் 20 நிமிடம் பயிற்சி. 2019-ல் வெளியான அவர்களின் ஆய்வில், இப்படிச் செய்த டீன் ஏஜ் வீரர்கள் சராசரியாக 13 நாளில் தேறினார்கள். வெறும் ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது.

படிப்புக்கும் இதே ஏணிதான். வீட்டில் கால் மணி, அரை மணி என்று படிப்பது, பிறகு அரை நாள் வகுப்பு, பிறகு முழுநாள். பரீட்சை, செமஸ்டர் சமயம் என்றால் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கொடுத்துவிடுங்கள். விளையாட்டுக்குத் திரும்பும் முன்பே படிப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது வரிசை. நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்த வரிசை ரொம்பவே பிடிக்கும்!

பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள், குழந்தைகளுக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். அணிக்கென்று டாக்டர் இல்லாத சாதாரண ஆட்டக்காரர்களுக்கு, பிரிட்டனின் 2023 வழிகாட்டுதல் இன்னும் கறார். 21 நாளுக்கு முன் போட்டியில் ஆடவே கூடாது.

நான்கு வாரம் தாண்டியும் தொல்லை இருந்தால், `இன்னும் ரெஸ்ட் எடு' என்பது பதிலாகாது. எங்கே சிக்கல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பா? காதின் உட்பகுதியில் உள்ள பேலன்ஸ் உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அதற்கென்றே வெஸ்டிபுலர் பயிற்சிகள் இருக்கின்றன. படித்தால் எழுத்து மங்குகிறதா? இரண்டு கண்களும் சேர்ந்து குவிவதில் பிரச்னை இருக்கலாம். பின்னந்தலை வலி பல நேரம் கழுத்திலிருந்து வருவது, பிசியோதெரபியில் சரியாகும். தூக்கம் கெட்டு, மனசும் சோர்ந்திருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. நரம்பியல் மருத்துவர், பிசியோ, தேவைப்பட்டால் மனநல ஆலோசகர் என்று ஒரு டீமாகப் பார்ப்பதுதான் பலன் தருகிறது.

அபூர்வமாக, எல்லாம் செய்தும் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்டிலேயே 62 ரன்கள் அடித்த வில் புகோவ்ஸ்கி, ஆஸ்திரேலியாவின் அடுத்த பெரிய பேட்ஸ்மேன் என்று பேசப்பட்டவர். சின்ன வயதிலிருந்து 13 கன்கஷன்கள். 2024 மார்ச்சில் மறுபடி ஹெல்மெட்டில் பந்து. மருத்துவக் குழுவின் பரிந்துரைப்படி 2025 ஏப்ரலில், 27 வயதில், கிரிக்கெட்டைவிட்டே விலகினார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அந்த சிட்னி டெஸ்ட்தான்.

பைக்கில் விழுந்தால்...

கிரிக்கெட்டைவிட நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுவது டூவீலரில்தான். ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றும், உயிரைக் காப்பாற்றும். அதனால் கட்டாயம் போடுங்கள், ஸ்ட்ராப்பையும் மாட்டுங்கள். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை ஹெல்மெட்டால் முழுசாகத் தடுக்க முடியாது. `ஹெல்மெட் போட்டிருந்தேன், அதனால ஒண்ணும் ஆகல' என்று கிளம்பிவிடாதீர்கள். `எப்படி விழுந்தேன்னே ஞாபகம் இல்ல' என்று யாராவது சொன்னால், அது முக்கியமான அறிகுறி. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், `நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். செலவை நினைத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

விழுந்தவருக்குச் சுற்றி நிற்பவர்கள் உடனே சோடா, தண்ணீர் வாங்கி ஓடிவருவார்கள். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் எந்தப் பலனும் இல்லை.

அப்புறம் அந்தப் பிரபலமான நம்பிக்கை: `தலையில அடிபட்டா தூங்கவிடக் கூடாது.' டாக்டர் பார்த்து, ஆபத்து அறிகுறிகள் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லதும்கூட. ஆனால் முதல் இரவு தனியாகப் படுக்க வேண்டாம். ஹாஸ்டலில் இருந்தால் ரூம்மேட்டிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். ரூம்மேட் நீங்கள் என்றால், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அவர் எழுந்ததும் தலை எப்படி இருக்கிறது, வெளிச்சம் கூசுகிறதா, நேற்று என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதற்கு மறுநாளும் ஒருமுறை.